ஸ்டெபிலைசர் இருக்கு சார்!

மறுபடியும் ஒரு புலம்பல் பதிவு, பொறுத்துக்குங்க. புனேயில பொண்ணோட பேட்மிண்டன் போட்டிக்குப் போயிருந்தேன். பக்கத்துல நம்மூர்க்காரர் ஒருத்தர், கையில இஎம்ஐல வாங்கின புத்தம்புது 70-300 ஜூம். எந்தப் படத்துலயும் பையனுக்குக் கையே இல்லை, வெறும் புகை! "ஸ்டெபிலைசர் இருக்கு, படம் ஆடாதுன்னு கடையில சொன்னாங்களே சார்"ங்கிறார், பாவம்.

ஸ்டெபிலைசர் நம்ம கை நடுக்கத்துக்குத்தாங்க. ஸ்மாஷ் அடிக்கிற பையனை அது நிறுத்தாது. அதுக்கு 1/1000 நொடி ஷட்டர் வேணும், ஷட்டருக்கு வெளிச்சம் வேணும். அந்த ஜூம் 300-ல எஃப்/5.6 தான். எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். ஐஎஸ்ஓ 12800 கேட்கிற இடத்துல 1250-லயே வேலை முடியும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

'70-200 எஃப்/2.8 வாங்கு'ங்கிற மேதாவிகளுக்கு ஒரு கும்பிடு. புதுசு லட்சத்தைத் தாண்டும். 'நோ காஸ்ட் இஎம்ஐ'யாம்! பூஜ்யம் சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லியாச்சு. கார்டுல போட்டா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி நம்ம தலையில. தினம் லோன் பேப்பர்ல கையெழுத்து போடுற நானே சொல்றேன்.

கேனான் டிஎஸ்எல்ஆர் இருந்தா 1992-ல வந்த அந்த 85 எஃப்/1.8 போதும். கிராப் பாடியில 136 மாதிரி, கோர்ட் ஓரத்துக்குக் கச்சிதம். ஜூம் இல்லையேன்னா இடம் மாறி உட்காருங்க. மைதானத்து கிரிக்கெட்டுக்குப் பத்தாது, ஒத்துக்கறேன். பகல் வெயில்ல அங்கே அந்த ஜூமே சமாளிக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா, டார்ச் அடிச்சு உள்ளே பூஞ்சை இருக்கான்னு பார்த்துட்டு காசு குடுங்க.