குடிசை என்று தள்ளலாமோ?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஏற்காட்டுக்குச் சென்று திரும்புவோர் ஏரியைப் பற்றியும் லேடீஸ் சீட்டைப் பற்றியும் பேசுவர். சற்றே வரலாறு அறிந்தவர் கிரேஞ்ச் தோட்டத்தைப் பற்றியும் பேசுவர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தவர். கிரேஞ்ச் அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படும் இடம். 'கிரேஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் யாது? களஞ்சியத்தோடு கூடிய பண்ணை வீடு என்பதே.

ஆனால் வெள்ளையர் இம்மலையில் கட்டியவை அவர்கள் நாட்டுப் பழைய பண்ணை வீடுகள் அல்ல. கல்லாலும் சுண்ணாம்பாலும் தடித்த சுவர் எழுப்பி, முன்னே தாழ்வாரம் வைத்த பங்களாக்களையே கட்டினர். 'பங்களா' என்ற சொல்லோ வங்காளத்து உழவனின் குடிசைப் பெயரிலிருந்து பிறந்தது! அப்படியானால் ஆங்கிலப் பண்ணை வீட்டின் கட்டுமான முறை ஏற்காட்டில் எங்கே இருக்கிறது? மலையாளிகளாகிய எங்கள் ஊர்க் குடிசைகளில் இருக்கிறது என்பேன். (மலையாளி என்றால் கேரளத்தார் அல்லர், தமிழ் பேசும் இம்மலையின் மக்கள்.) கேட்போர் நகைக்கலாம். ஆதலின் சற்று விளக்குகிறேன்.

இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடு மரச்சட்டத்தால் ஆனது. ஓக் மரத் தூண்களையும் உத்தரங்களையும் ஒன்றில் துளையும் மற்றதில் நாக்கும் செதுக்கிப் பொருத்தி, மர முளை அடித்து இறுக்கினர். மரத்தைக் காய வைக்காமல் பச்சையாகவே இழைத்தனர். பச்சை மரம் உளிக்கு இணங்கும், காயக் காயப் பொருத்து இறுகும். கூரையின் பாரத்தைச் சுமப்பது இந்தச் சட்டமே. சுவர் வெறும் அடைப்புத்தான். தூணுக்கும் தூணுக்கும் இடையே குச்சிகளைப் படலாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினர். வீட்டின் நடுவே அடுப்பு எரிந்தது, புகைபோக்கி கிடையாது. புகை மேலெழுந்து கூரை வழியே வெளியேறியது.

இனி எங்கள் வீட்டைப் பாருங்கள். காட்டு மரக் கால்களை நட்டு, மேலே விட்டம் ஏற்றி, மூங்கிலால் கூரைச் சட்டம் கட்டுவோம். கால்களுக்கிடையே மூங்கில் பிளாச்சுகளைத் தட்டியாக முடைந்து, இருபுறமும் மண் அப்பிச் சாணத்தால் மெழுகுவோம். மேலே புல் வேய்வோம். அடுப்புப் புகை பரணில் உள்ள தானியத்தைப் பூச்சியிலிருந்து காத்து, கூரைப் புல்லையும் காக்கும். அங்கே முளை அடித்தார்கள், இங்கே நார்க் கயிற்றால் கட்டினோம். அங்கே ஓக், இங்கே மூங்கில். பாரத்தைச் சட்டம் சுமக்கட்டும், சுவர் குளிரை மட்டும் தடுக்கட்டும் என்ற அறிவு இரண்டிலும் ஒன்றே. கடல் கடந்து எவரும் வந்து எங்களுக்குக் கற்பித்ததன்று.

இரு வீடுகளும் பெற்ற மதிப்பு மட்டும் ஒன்றல்ல. கென்ட் பகுதியில் 'பேலீஃப்' என்றொரு பண்ணை வீடு இருந்தது. அதன் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1960களில் அங்கே நீர்த்தேக்கம் வெட்டியபோது அவ்வீடு நீரில் மூழ்கவிருந்தது. மூழ்கட்டும் என்று விட்டார்களா? மரம் மரமாகக் கழற்றினார்கள். சசெக்ஸில் உள்ள திறந்தவெளிக் காட்சியகத்தில் அதை மீண்டும் நிறுத்தினார்கள். முளையடித்த வீடாதலால் கழற்றவும் பூட்டவும் இயன்றது. இன்று உலகெங்குமிருந்து மக்கள் வந்து பார்க்கின்றனர். அது மன்னன் வாழ்ந்த மாளிகையன்று. ஓர் உழவன் வாழ்ந்த வீடு!

எங்கள் வீடுகளோ அரசுப் பதிவேட்டில் 'குடிசை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. 2010இல் வந்த வீடு வழங்கும் திட்டமும், 2024இல் தொடங்கிய கனவு இல்லத் திட்டமும் குடிசையில்லாத் தமிழகத்தை நோக்கமாகக் கொண்டவை. எங்கள் வீடும் இப்போது கான்கிரீட் வீடுதான். "ஆடி மழையில் ஒழுகாத வீட்டின் அருமை உனக்கென்ன தெரியும்? புல் அறுத்துக் கூரை மாற்றிய கை என் கை" என்று என் அம்மா சொல்வார். அவர் சொல்வது முற்றிலும் நியாயம். கறையானும் தீயும் ஒழுகலும் பெரிய துன்பங்கள். அத்துன்பத்தில் யாரும் நீடித்திருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. பிறருடைய வறுமையை அழகென்று பார்த்துப் படம் பிடிப்போர் கூட்டத்திலும் நான் சேரேன்.

ஆனால் துன்பத்தை நீக்குவது வேறு, அறிவை நீக்குவது வேறு. ஆங்கிலேயனின் தூண்களும் ஒரு காலத்தில் மண்ணில் நட்டவையே. அடி இற்றுப் போனதைக் கண்ட பின்னரே கல்லின்மேல் கிடைமரம் போட்டுத் தூணை நிறுத்தினான். அதன் பின் அவன் வீடு ஐந்நூறு ஆண்டு நின்றது. எங்கள் வீட்டுக்கும் கல் அடித்தளமும் ஓட்டுக் கூரையும் கொடுத்துப் பார்த்தோமா? 2005இல் காஷ்மீரில் நிலம் நடுங்கியபோது கல் வீடுகளும் கான்கிரீட் வீடுகளும் ஆயிரக்கணக்கில் சரிந்தன. 'தஜ்ஜி' எனப்படும் மரச்சட்ட வீடுகள் பல தாங்கி நின்றன. பின்னர் பாகிஸ்தான் அரசே அம்முறையில் வீடு கட்டவும் உதவித்தொகை அளித்தது. பழைய முறையைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வேடிக்கை என்னவென்றால், ஏற்காட்டுக்கு வருவோரைக் கவரச் சிமெண்ட் சுவரின்மேல் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, ஆங்கில மரச்சட்ட வீடுபோல் காட்டும் விடுதிகள் உண்டு. பொய்ச் சட்டத்துக்கு வாடகை. மெய்ச் சட்டத்துக்கு இடிப்பு!

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, நம் கல்லூரி வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து, மலையின் மூன்று நாடுகளிலும் எஞ்சியுள்ள பழைய வீடுகளை அளந்து வரையட்டும். ஒவ்வொரு கட்டுக்கும் காலுக்கும் எங்கள் பெரியவர்கள் வழங்கும் பெயர்களை எழுதி வைக்கட்டும். பெயர் சொல்லும் வாய்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. இரண்டாவது, ஊருக்கு ஒரு வீட்டையேனும், அவ்வூரார் இசைந்தால், பழுது பார்த்து நிறுத்தி வைக்க அரசு முன்வரட்டும்.

மலையிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து படிப்பவர் என்னைப்போல் இன்னும் சிலர் உண்டு. வீடு எப்படி என்று கேட்டால் 'குடிசைதான்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். அந்தத் 'தான்' என்ற சொல்லை விட்டுவிடுவோம். கட்டடக் கலை என்பது தஞ்சைக் கோபுரத்தில் மட்டும் இல்லை; சேர்வராயன் சரிவில் மூங்கில் பிளந்த கையிலும் உண்டு.