மருந்து இறங்கும் வேளை



கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட மடல் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்கு 72 வயது. 9 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். "காலை 10 மணிக்குத் தாமே தெருக்கோடி வரை நடந்துபோய்ச் செய்தித்தாள் வாங்கி வருகிறார், சுவாமி. 12 மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் நாற்காலியை விட்டு அசைவதில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. 1.30 மணிக்கு ஒன்றும் நடவாததுபோல் எழுந்து வருகிறார். வேண்டுமென்றே பிடிவாதம் செய்கிறார் என்று என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. இப்படி நினைப்பது பாவமா?" என்று கேட்டிருக்கிறார்.

மனத்தில் தோன்றுவதெல்லாம் பாவமாகிவிடாது, சகோதரி. ஆனால் உங்கள் மாமனார்மீது சுமத்தப்படும் குற்றம் பொய்யானது. தம்மீது பொய்க் குற்றம் சுமத்தப்படுவதைக் காதால் கேட்டுக்கொண்டே, மறுத்துப் பேச நாவும் எழாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பது எத்துணைக் கொடுமை! நோயாளிகளைச் சந்திக்க வீடு வீடாகச் செல்லும்போது இதே பேச்சை நானும் பன்முறை கேட்டிருக்கிறேன். "எங்களிடம்தான் முடியாது என்பார், நீங்கள் வந்ததும் எழுந்து நிற்கிறார், பாருங்கள்" என்றார் ஒரு வீட்டுத் தலைவி. நான் போய்ச் சேர்ந்தது மாத்திரை வேலை செய்துகொண்டிருந்த நேரம். அவர் எழுந்து நின்றதற்கு வேறு காரணம் இல்லை.

ஆகவே ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் இடையே வந்து மறையும் இந்தத் தளர்ச்சியைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். மருந்தின் வகையையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். வீட்டார் செய்யக்கூடியது எது என்பதே எனக்குப் பொருள்.

இலண்டனில் மருத்துவம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் 1817ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதினார். மூளையின் நடுப்பகுதியில் கருநிறம் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. நம் உடலசைவு சீராக நடைபெற அது இன்றியமையாதது. அந்த அணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். டோப்பமினை மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் செல்லாது. ஆகவே மூளைக்குள் சென்றபின் டோப்பமினாக மாறும் லெவோடோப்பாவைக் கொடுக்கிறார்கள். வழியிலேயே அது வீணாகாதிருக்கக் கார்பிடோப்பா என்ற துணை மருந்தையும் சேர்க்கிறார்கள். நம் நாட்டில் சின்டோபா என்ற பெயரில் பல வீடுகளில் இருப்பது இக்கூட்டு மருந்துதான். 1967ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் லெவோடோப்பாவைச் சிறிது சிறிதாக அளவு கூட்டி வாய்வழியே கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்தபோது மருத்துவ உலகமே வியந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், நம் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அதனால்தான் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி, மருத்துவருக்குச் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்து உட்கொள்ள வேண்டாம் என்கிறேன். அது வெறும் பொடியன்று. அளவு தெரியாத அதே மருந்து.

நோயின் தொடக்க ஆண்டுகளில் இந்த மாத்திரை நாள் முழுவதும் வேலை செய்வதுபோல் தோன்றும். பின்னர் ஏன் இறங்கிப்போகிறது? மருந்து கெட்டுவிட்டதா, உடல் பழகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. இரத்தத்தில் சேர்ந்த லெவோடோப்பாவில் பாதி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது. தொடக்கத்தில் எஞ்சியிருந்த நரம்பணுக்கள் அதனைத் தேக்கி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகச் செலவிட்டன. கண்மாயில் நீர் இருந்தால் மழை நின்று மாதங்கள் ஆனாலும் வயலுக்குப் பாயும் அல்லவா? ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கண்மாய் தூர்ந்துபோகிறது. பிறகு மழை பெய்யும்போது மட்டுமே வயலில் ஈரம். இரத்தத்தில் மருந்து இருக்கும்வரை உடல் இயங்கும், இறங்கியதும் நின்றுவிடும். மருத்துவர்கள் இயங்கும் நேரத்தை 'ஆன்' என்றும், நின்றுபோகும் நேரத்தை 'ஆஃப்' என்றும் சொல்லுகிறார்கள். மின்விளக்குக்குச் சொல்வதுபோலவே இருக்கிறது. நோயாளிகளும் அப்படித்தான் உணர்கிறார்கள்.

இந்த 'ஆஃப்' வேளையில் கைகால் விறைக்கும், நடுக்கம் மீளும், குரல் தேய்ந்துபோகும். விடியற்காலையில், முதல் மாத்திரைக்கு முன், கால்விரல்கள் மடங்கி இழுத்து வலிப்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் இவற்றைவிடத் தெரியாதவையே வீட்டில் அதிகக் குழப்பம் விளைவிக்கின்றன. காரணமற்ற அச்சம், வியர்வை, உடல்வலி, சோர்ந்த மனம், எண்ணமே மந்தமாகிவிடுதல் ஆகியவையும் மருந்து இறங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். அடுத்த மாத்திரை ஏறியதும் அவை விலகுகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். முகமும் உணர்ச்சி காட்டாது. சிடுசிடுப்பு என்று நாம் எண்ணுவது முகத் தசைகளின் இறுக்கமே. இளமையில் நாடக மேடையில் நடித்தவரான திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இறப்பதற்கு முந்திய ஆண்டுகளில் இந்நோயோடு வாழ்ந்தார். அப்போது எடுத்த படங்களில் அவர் முகத்தைப் பார்த்து, அவர் மக்கள்மீது சினம் கொண்டிருந்தார் என்று எவரேனும் சொல்வார்களா?

சகோதரி, உங்கள் வீட்டில் முதலில் மாற வேண்டியது கடிகாரப் பழக்கம். உங்கள் மாமனார் 8 மணிக்கும் 1 மணிக்கும் மாத்திரை உட்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் 'சாப்பாட்டுக்குப் பிறகு'. முதல் மாத்திரை 12 மணிக்கு முன்பே இறங்கிவிடுகிறது என்பது உங்கள் மடலிலேயே தெரிகிறதே! இந்த இடைவெளியைக் குறைப்பதா, அளவைப் பிரிப்பதா என்று மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். அவர் சொன்ன மணியைக் காப்பது உங்கள் கடமை. 11.30 என்றால் 11.30. சமையல் முடியட்டும், தொடர் நாடகம் முடியட்டும் என்று அரைமணி தள்ளினால், அந்த அரைமணிக்காக அவர் இரண்டு மணி நேரம் நாற்காலியில் கட்டுண்டு கிடக்க நேரலாம். கைப்பேசியில் மணி ஒலிக்கச் செய்யுங்கள். திருமண வீட்டுக்கோ பேருந்துப் பயணத்துக்கோ போகும்போது மாத்திரையும் தண்ணீரும் அவர் சட்டைப் பையிலேயே, கைக்கெட்டும் பையிலேயே இருக்கட்டும். உடல் நின்றபிறகு மாத்திரையைத் தேடுவது, நெருப்புப் பற்றிய பின் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது உணவு. லெவோடோப்பா குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்லும் வாயிலும், நாம் உண்ணும் புரதத்திலிருந்து வரும் பொருள்கள் செல்லும் வாயிலும் ஒன்றே. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் நெரிசல். மருந்து வெளியே நின்றுவிடும். எல்லாருக்கும் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் சாம்பாரும் மீனும் தயிருமாகச் சாப்பிட்டபின் மாத்திரையே வேலை செய்யவில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உணவுக்கு அரைமணி முன்போ, ஒரு மணி நேரம் பின்போ, வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்குவது நல்லது. பால் காப்பியோடு விழுங்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். குமட்டினால் ஒரு வாழைப்பழமோ இரண்டு ரஸ்க்கோ போதும். பகலில் சோறு, காய்கறி, பழம் என்று வைத்துக்கொண்டு பருப்பு, முட்டை, மீன், சுண்டல் முதலியவற்றை இரவு உணவுக்கு மாற்றிச் சிலர் நல்ல பயன் கண்டிருக்கிறார்கள். கவனியுங்கள், மாற்றுவது மட்டுமே. புரதத்தை அடியோடு நிறுத்தினால் ஏற்கெனவே மெலிந்த உடல் இன்னும் மெலியும். இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பதாயின், இதற்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றி எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. இந்நோயில் இரைப்பையும் குடலும் மெதுவாகவே இயங்கும். மாத்திரை இரைப்பையிலேயே தங்கிவிட்டால் இரத்தத்துக்கு எப்படிப் போகும்? தண்ணீர், கீரை, பழம், இயன்ற நடை ஆகியவற்றோடு, தேவையானால் மருத்துவர் தரும் மலமிளக்கியும் இங்கே பார்க்கின்சன் மருத்துவத்தின் பகுதிதான்.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் அரைமணிக்கு ஒரு கோடாகப் போட்டு, மூன்று நாள்களுக்கு எழுதி வையுங்கள். எந்த மணிக்கு மாத்திரை, எப்போது உணவு, எப்போது நன்றாக நடந்தார், எப்போது நின்றுபோனார், எப்போது தூங்கினார் என்பவை போதும். உடல் தன்போக்கில் நெளிந்தாடும் நேரத்தையும் தனியே குறியுங்கள். இது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. நடுக்கம் என்று தவறாக எண்ணி இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் "பரவாயில்லை, டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவது நம்மவர் இயல்பு. அந்த நேரம் பார்த்து அவர் 'ஆன்' நிலையில் இருந்தால், மருத்துவரும் பரவாயில்லை என்றே எழுதுவார். நோட்டு உண்மையைச் சொல்லும்.

அதைப் பார்த்து மருத்துவர் செய்யக்கூடியவை பல. ஒரே அளவைப் பல வேளைகளாகப் பிரிக்கலாம். லெவோடோப்பாவோ அதிலிருந்து உண்டாகும் டோப்பமினோ சீக்கிரம் சிதையாமல் காக்கும் என்டகபோன், ரசாகிலின் போன்றவற்றைச் சேர்க்கலாம். என்டகபோனால் சிறுநீர் செம்பழுப்பாகக் கூடும், அஞ்ச வேண்டாம். பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை பலருக்கு உதவுகின்றன. ஆயினும் சிலரிடம் திடீர்த் தூக்கத்தையும், சூதாட்டம், அளவற்ற செலவு போன்ற அடக்க முடியாத ஆசைகளையும் அவை தூண்டுவதுண்டு. நேர்மையாக வாழ்ந்த ஒருவர் திடீரென்று பணத்தை இறைக்கத் தொடங்கினால், ஒழுக்கக் கேடு என்று தூற்றுமுன் மருந்துச் சீட்டைப் பாருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். தக்கவர்களுக்கு மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை மருத்துவமும் உண்டு.

நடக்கும்போது கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கட்டும், மூச்சு விடட்டும். பிறகு தரையிலுள்ள ஓட்டின் கோட்டையோ, குறுக்கே வைத்த உங்கள் பாதத்தையோ தாண்டிக் கால் வைக்கச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொடுப்பதும் பயன் தரும். தாமாகத் தொடங்க முடியாத கால், தாளத்துக்கும் கோட்டுக்கும் கட்டுப்படுவது விந்தையே. குளிப்பது, உண்பது, வெளியே செல்வது ஆகியவற்றை 'ஆன்' வேளைக்கு வையுங்கள். விழுங்குவதும் அப்போதுதான் எளிதாக இருக்கும்.

கோவிலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நன்மை வாங்கவேண்டும் என்பதற்காக ஞாயிறு காலை மாத்திரையைத் தள்ளிப்போடுகிறாராம். வேண்டவே வேண்டாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உணவு தவிர்க்கச் சொல்லும் 919ஆம் சட்டமே தண்ணீரையும் மருந்தையும் விலக்கிவைக்கிறது. முதியோரும் நோயாளிகளும் அவர்களைக் கவனிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஒருசந்தியும் 60ஆம் வயது தொடங்கியவர்களைக் கட்டுப்படுத்தாது. முழந்தாளிட இயலாவிட்டால் உட்கார்ந்திருக்கட்டும். வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும் குருவிடம், "11 மணிக்கு வாருங்கள், சுவாமி, 12 மணிக்கு அவரால் விழுங்க முடியாது" என்று தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் வரும் நேரத்தை மாற்றிக்கொள்வோம். மாத்திரையின் நேரத்தை மாற்ற முடியாது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையானால் பொடித்துக் கொடுக்கவும் கூடாது. வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், "இவருக்குப் பார்க்கின்சன் நோய், இன்ன மாத்திரை இன்ன மணிக்கு" என்று தாளில் எழுதிச் செவிலியரிடம் முதலிலேயே கொடுங்கள். வார்டில் மாத்திரை வண்டி வரும் நேரம் இவருக்கு ஒத்துவராது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் டோப்பமினின் வேலையைத் தடுப்பவை. இவருடைய நிலையை மோசமாக்கும். அவ்விரண்டு பெயர்களையும் அதே தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதி, ஒரு படியை மருந்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.