பெற்றோர் எங்கே நிற்க வேண்டும்?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தால் தேர் நிலைக்கு வந்து சேராது. விளையாட்டு, நாடகம், பேச்சுப் போட்டி, சாரணியர் இயக்கம் ஆகியவற்றில் பெற்றோரின் பங்கும் இத்தகையதே என்று எண்ணுகிறோம்.

இருவகைப் பெற்றோரை நாம் காண்கிறோம். ஒரு சாரார், "பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி விளையாட்டு எதற்கு?" என்று தடுப்பவர்கள். கோ-கோ குழுவில் இரண்டாண்டுகள் ஓடிப் பழகிய நம் தோழி ஒருத்தி, குறுவட்டப் போட்டிக்கு முந்திய வாரம் நிறுத்தப்பட்டாள். அம்மாலைகளில் தான் படித்ததைவிட மைதானத்தை எண்ணி அழுததே மிகுதி என்று அவளே கூறினாள்.

மற்றொரு சாரார், மகளுக்கு முதன்மை வேடம் கிடைக்காவிடில் ஆசிரியையிடம் வாதாடுபவர்கள். "உடைச் செலவு முழுவதும் நாங்களே ஏற்கிறோம்" என்றும் சொல்வார்கள். கூலி வேலைக்குச் செல்வதால் பள்ளிப் பக்கமே வர இயலாத ஒரு தாயின் மகள் அதைக் கேட்டால், திறமைக்கு இங்கு இடமில்லை என்றல்லவா நினைப்பாள்?

இரு சாராரையும் இயக்குவது அன்புதான், ஐயமில்லை. பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. பயிற்சி முடிந்து இருட்டிய பின் மகள் தனியே பேருந்தில் வருவாளே என்ற அவர்களின் அச்சமும் நியாயமானதே. மாணவியராகிய நம்மிடமும் குறை உண்டு. பயிற்சி முடியும் நேரத்தை வீட்டில் மறைத்துவிட்டுப் பிறகு "நம்பவில்லையே" என்று வருந்துகிறோம்.

ஆகவே சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே பயிற்சி நாட்களும் முடியும் நேரமும் எழுத்தில் வீட்டுக்குச் செல்லட்டும். பெற்றோர் அப்போதே ஒப்புதல் தரட்டும்; நடுவில் நிறுத்துவதாயின் முதலில் ஆசிரியையுடன் பேசட்டும். தேர்வு செய்யும் பொறுப்பு ஆசிரியைகளுடையதாகவே இருக்கட்டும். உடைச் செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும். உதவ விரும்புவோர் தம் மகளுக்கென்று தராமல் பொது நிதிக்குத் தரட்டும். வெளியூர்ப் போட்டிகளுக்குத் தாய்மார் முறைவைத்துத் துணைக்கு வந்தால் பாதி அச்சம் தீரும்.

கோ-கோ ஆட்டத்தில் எட்டுப் பேர் வரிசையாக அமர்ந்திருக்க, ஒருத்தி துரத்துகிறாள். அவள் முதுகில் தட்டிக் 'கோ' சொன்னால்தான் அமர்ந்திருப்பவள் எழலாம். எல்லைக்கு வெளியே எவ்வளவு பாசத்தோடு கத்தினாலும் அது 'கோ' ஆகாது. கேட்டு எழுந்தால் தவறாட்டம்!

பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் தங்கிவிட்ட இயேசுவை அன்னை மரியாளும் சூசையப்பரும் மூன்று நாள் தேடித் தவித்தார்கள். அவர் சொன்னது அவர்களுக்கு அப்போது விளங்கவில்லை. ஆயினும் அன்னை அதைத் தம் உள்ளத்தில் பதித்துக்கொண்டார். மகனும் உடன் சென்று பணிந்து நடந்தார். நம் இரு தரப்பாருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அன்புப் பெற்றோரே, மைதானத்திற்கு வாருங்கள். எல்லைக் கோட்டருகே நில்லுங்கள். வென்றாலும் தோற்றாலும் கைதட்டுங்கள். ஓட்டத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.