எண்மர் அணியும் எதிர்காலமும்

‘சாரணர்’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. ஊர் ஊராகச் சென்று அறமுரைத்த சமண முனிவரைச் சிலப்பதிகாரம் அப்பெயரால் சுட்டுகிறது. கவுந்தியடிகளோடு சென்ற கோவலனும் கண்ணகியும் அரங்கத்தில் சாரணரைக் காணும் காட்சியை நாடுகாண் காதையில் நாம் படித்திருக்கிறோம். மாற்றாரின் நிலையை மறைந்திருந்து அறிந்து வரும் ஒற்றருக்கும் அச்சொல் வழங்கிற்று. ஒற்றறிதல் போரின் பாற்பட்டது. அறமுரைத்தல் அருளின் பாற்பட்டது. இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட தொலைவை நடந்து கடந்ததுதான் இன்றைய சாரணர் இயக்கம்.

அதனைத் தோற்றுவித்த பேடன் பவல் ஒரு படைத்தலைவர். தென்னாப்பிரிக்காவில் மாபெகிங் நகரம் 1899-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1900-ஆம் ஆண்டு மே வரை முற்றுகைக்குள்ளானபோது, செய்திகளைச் சுமந்து சென்ற சிறுவர்களின் பொறுப்புணர்வை அவர் கண்ணாரக் கண்டார். படைவீரருக்காக அவர் எழுதிய நூலைச் சிறுவர்களும் விரும்பிப் படித்தனர். போருக்குரிய திறன்களை அமைதிக்குரியனவாக மாற்ற இயலுமா என்று அவர் எண்ணியதன் விளைவே, 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முகாம். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 20 பேர் அங்கே ஒன்றாகக் கூடாரங்களில் துயின்றனர். ஒரே உணவை உண்டனர். ஓநாய், காக்கை, காளை, கோட்டான் என்னும் கடற்கரைப் பறவை ஆகியவற்றின் பெயர்களால் நான்கு அணிகள் அமைந்தன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவனானான்.

இந்த அணிதான் இயக்கத்தின் உயிர்நாடி. குருளையர், சாரணர், திரிசாரணர் என ஆண்பிள்ளைகளுக்கும், நீலப்பறவையர், சாரணியர், திரிசாரணியர் எனப் பெண்பிள்ளைகளுக்கும் வயதிற்கேற்ற பிரிவுகள் உள்ளன. சாரணர் படையோ அறுவர் முதல் எண்மர் வரை கொண்ட அணிகளாகப் பிரிந்தே இயங்குகிறது. அணிக்கெனத் தனிக் கொடியுண்டு, தனி முழக்கமுண்டு. தலைவனும் துணைத்தலைவனும் சிறுவரே. சமைப்பவன் ஒருவன், கணக்கெழுதுபவன் ஒருவன், முதலுதவிப் பெட்டியைக் காப்பவன் ஒருவன் என எவனும் வெறும் பார்வையாளனாக இருப்பதில்லை. அணித்தலைவர்கள் கூடிப் படையின் பணிகளைத் திட்டமிடுகின்றனர். சாரண ஆசிரியர் அங்கே வழிகாட்டியாக அமர்ந்திருக்கிறாரேயன்றி ஆணையிடுபவராக அல்லர்.

சாரணர் சட்டத்தின் நடையும் நம் சிந்தனைக்குரியது. ‘பொய் சொல்லாதே’ என்ற எதிர்மறை ஏவல் அதில் இல்லை. ‘உண்மை பேசவேண்டும்’ என்ற கட்டளையும் இல்லை. சாரணர் நம்பிக்கைக்குரியவர், அனைவருக்கும் நண்பர், இயற்கையை நேசிப்பவர், சிக்கனமானவர் என்று அது கூறிச் செல்கிறது. பொதுச்சொத்தைக் காக்க உதவுபவர் என்பதும் நம் நாட்டுச் சாரணர் சட்டத்தில் உண்டு. இலக்கண வழியில் நோக்கின் இவை யாவும் செய்தி வாக்கியங்கள். ‘நீ இத்தகையவன்’ என்று முதலில் நம்பி, பின்னர் அந்நம்பிக்கைக்கு ஏற்ப வளரச் செய்வதே அதன் உளவியல். நாமோ வகுப்பறையில் ஐயத்தில் தொடங்கி எச்சரிக்கையில் முடிக்கிறோம்.

சகோதரத்துவம் பேசும் இவ்வியக்கம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியருக்கே கதவை அடைத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. 1909-இல் பெங்களூரில் தொடங்கியபோது அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. அதற்கு விடையாக 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவருக்கெனச் சாரணர் சங்கம் கண்டார். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி வழியே சாரணர் படைகளை வளர்த்தனர். விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றிணைந்து பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர். ஒன்றிணைய வேண்டும் என்று ஊக்கியவர்களுள் அன்றைய கல்வியமைச்சர் மௌலானா அபுல்கலாம் ஆசாத் குறிப்பிடத்தக்கவர். இறைவனுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவேன் என்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே கொடியின்கீழ் உறுதியேற்கும் நிலை, போராடிப் பெற்ற பேறு.

அப்பேற்றை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? ஒரு பள்ளி விழாவில் நாம் கண்ட காட்சியைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. காலை எட்டு மணிக்கே சாரணச் சிறுவர்கள் வாயிலின் இருபுறமும் நிறுத்தப்பட்டனர். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. மயங்கி விழுந்த சிறுவனுக்கு முதலுதவி செய்ய அருகில் நின்ற மற்றொரு சாரணச் சிறுவன் விரைந்தான். “வரிசை கலையக் கூடாது!” என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். சாரணனாக நடந்துகொண்டதற்காக ஒரு சாரணன் கண்டிக்கப்பட்டான்! சீருடை இருந்தது; கழுத்துத் துணியும் முடிச்சுப் பிசகாமல் இருந்தது. இயக்கம் மட்டும் அங்கில்லை.

விருதுகளும் சான்றிதழ்களும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சான்றிதழுக்காகவே படையில் சேர்வதும், வரவேற்புக்காகவே படையை வைத்திருப்பதும் விதையைச் சமைத்துண்ணும் செயலாகும். சிறுவரிடம் பொறுப்பளித்தால் தவறு நேராதா என்று சிலர் வினவலாம். நேரும். முகாமில் முதல்நாள் சோறு குழையும், கூடாரம் சரியும். மறுநாள் அதே கைகள் அதனைத் திருத்தும். உயிருக்கு ஊறு நேராமல் காப்பது ஆசிரியர் கடமை. உப்புக் குறையாமல் பார்ப்பது அணியின் கடமை. இரண்டையும் ஆசிரியரே செய்தால், பிள்ளைகள் கற்பது காத்திருத்தல் ஒன்றையே.

எனவே, கல்வி நிறுவனங்களை நடத்துவோரும் ஆசிரியப் பெருமக்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மாணவர்களே, திரிசாரணராகும் வாய்ப்புக் கிட்டின் கைவிடாதீர்கள்; கிட்டாவிடினும் எண்மர் கூடி உங்கள் தெருவில் ஒரு பணியைத் தொடங்குங்கள். நம்பி ஒப்படைக்கப்படாத தலைமுறை, நாளை நாடு ஒப்படைக்கப்படும்போது திகைத்து நிற்கும். அந்தத் திகைப்புக்கு நாம் காரணராகாதிருப்போமாக!