காத்திருக்க முடிந்தவருக்கே விலை

கூட்டுறவு என்றாலே தோற்றுப்போன ஏற்பாடு என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒருமுறை சேலத்துக்குப் போய்வரலாம். ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலை உரிமையாளர்கள் 1981இல் தொடங்கிய ‘சேகோசர்வ்’ தொழிற்கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. ஆலைக்காரர் மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் இறக்குவார், தரம் பார்ப்பார்கள், சரக்கின் பேரில் முன்பணம் கிடைக்கும். ஏலத்தில் விலை படியவில்லையா, மூட்டை கிடங்கிலேயே கிடக்கட்டும். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கித் தந்ததும் இந்தச் சங்கம்தான்.

அந்த ஜவ்வரிசிக்குக் கிழங்கு தருகிற இடங்களில் ஒன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அங்கே கதை தலைகீழ். மரவள்ளியைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்கத் தொடங்கும். அதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, ஆலை வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே மாதிரி எடுத்து மாவுச்சத்துக்கு ‘பாயிண்ட்’ சொல்வார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. அந்த நேரத்தில் தராசுக்கு முன்னால் நிற்பவர் பல சமயம் விவசாயி இல்லை. நடவுக்கோ கல்யாணத்துக்கோ முன்பணம் கொடுத்த வியாபாரி. ‘இந்தத் தடவை பாயிண்ட் இறங்கிப்போச்சு’ என்று அவர் மேலே வந்து சொன்னால், மறுத்துப் பேச விவசாயியின் கையில் என்ன இருக்கிறது? வாங்குகிறவர்களுக்குச் சங்கம் உண்டு, விற்கிறவர் தனி ஆள்.

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளிலும் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர்; நிலம் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கும். அவர்களுடைய வருமானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நல்ல விதை, உரம், பயிற்சி என்றே பேசுகிறோம். விளைந்ததை நாலு மாதம் வைத்திருந்து விற்க ஒரு வழி வேண்டும் என்பது பேச்சிலேயே வருவதில்லை. மரவள்ளி காத்திருக்காது, சரி. மிளகு காத்திருக்குமே! சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடியில் பறித்த மிளகை நன்றாகக் காயவைத்து ஈரம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனாலும் அறுவடைச் சமயத்திலேயே, சந்தையில் சரக்கு குவியும் நாட்களிலேயே அது கைமாறுகிறது. சிலர் கொடியில் பச்சையாக இருக்கும்போதே விலை பேசி முடித்துவிடுகிறார்கள். வீட்டுச் செலவு காத்திருக்காதே.

சாமை, தினை, கேழ்வரகு கதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. மரவள்ளி ரொக்கம் தந்தது, ரேஷன் கடை அரிசி தந்தது, சிறுதானியம் பின்வாங்கியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு: உரல். சாமையின் உமி லேசில் கழலாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் பெண்களுக்குத் தோள் இற்றுவிடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே வேலை தொடங்கி, பாரம்பரிய ரகங்களை மீட்டதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்க் குழுக்களின் பொறுப்பில் வைத்தது. 2009இல் அந்தக் குழுக்கள் சேர்ந்து கொல்லிமலை வேளாண் பல்லுயிர் பாதுகாவலர் கூட்டமைப்பு உருவானது. மலையிலேயே அரிசியாக்கி, கல் நீக்கி, பொட்டலம் போட்டு விற்றார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சின்ன விஷயம்: தவிடு மலை மாட்டுக்கே மிஞ்சும். உமிக்கும் தவிட்டுக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுத்துக் கீழே அனுப்புவானேன்?

ஆனால் இந்த முயற்சி ஆராய்ச்சித் திட்டங்களின் தோளில் வளர்ந்தது. மலை முழுவதற்கும் இதைச் செய்ய வேண்டியது கூட்டுறவுத் துறை. அதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. 1970களில் பாவா குழு பழங்குடிப் பகுதிகளுக்குப் பரிந்துரைத்த ‘லேம்ப்ஸ்’ எனும் பெரும்பலநோக்குச் சங்கத்தின் நோக்கமே கடன், இடுபொருள், மளிகை, விளைபொருள் விற்பனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பதுதான். கடனும் உரமும் ரேஷனும் நடக்கின்றன, விற்பனைதான் நொண்டுகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் விளைபொருளின் பேரில் பொருளீட்டுக் கடன் தருவதற்கு ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ஒன்றிய அரசு 2020இல் அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பும் என்கிறார்கள். மலைப்பகுதியில் 100 உறுப்பினர் போதும். மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி. நல்லதுதான். நான்காம் ஆண்டு மேலாளருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? மிளகு கொள்முதலுக்கு நடைமுறை மூலதனம் எங்கிருந்து வரும்? கடன் கொடுக்கும் சங்கத்தோடு கைகோக்காத உற்பத்தியாளர் கம்பெனி பலகையோடு நின்றுபோகும்.

ஆலையும் கிடங்கும் சொந்தமானால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளுக்கு 1965 முதல் ‘இண்ட்கோசர்வ்’ இருக்கிறது. பச்சைத் தேயிலை விலைக்காக அங்கே இன்றும் போராட்டம் ஓயவில்லை. ஆனாலும் அந்த விவசாயிக்குச் சண்டை போட ஒரு கூட்டம் உண்டு, கேள்வி கேட்க ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. கொல்லிமலை மரவள்ளிக்காரர் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி கேட்க நிர்வாகக் குழு வேண்டும். தமிழகத்தில் கூட்டுறவுத் தேர்தல் 2018இல் நடந்தது. ஐந்தாண்டு முடிந்ததும் 2023இல் சங்கங்கள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 1976இல் கலைத்த குழுக்களுக்கு 1996இல்தான் தேர்தல் வைத்த மாநிலம் இது. தனி அலுவலர் நேர்மையானவராகவே இருக்கலாம்; ஆனால் மிளகு விலை ஏறும் வரை மூட்டையை வைத்திருப்போம் என்று துணிந்து முடிவெடுக்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

அரசு செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கிழங்கைத் தண்ணீரில் எடைபோட்டு மாவுச்சத்தைக் கணிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். அந்தத் தராசை மலைமேல் உள்ள செம்மேட்டிலேயே சங்கம் வைத்துக்கொண்டால், வியாபாரி சொல்லும் பாயிண்டைச் சரிபார்க்க ஒரு சீட்டு விவசாயியின் கையில் இருக்கும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கொல்லிமலைக்கும் அதைக் கொண்டுவந்து, அங்கே விளைந்த தானியத்தையே சங்கம் வாங்கி, மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் கொடுத்தால் வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் சங்கத் தேர்தலை நடத்துங்கள். அடுத்த மிளகு அறுவடைக்குள், மூட்டையை இறக்கிய அன்றே அதன் பேரில் கடன் தரும் கிடங்கு ஒன்று கொல்லிமலையில் இயங்க வேண்டும்.