‘பேங்க்கோட நீங்க பேச முடியாது’ என்கிற பொய்

“கார்டு கடனா? இனி பேங்க்குக்கு ஒரு பைசா கட்டாதீங்க, போனை எடுக்காதீங்க. நீங்க போய்ப் பேசினா நடக்காது. எங்ககிட்ட விடுங்க, பாதித் தொகையில முடிச்சுத் தர்றோம்.” கடன் தீர்த்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களின் இந்த விளம்பரம் இப்போது எல்லார் கைபேசியிலும் வருகிறது. என் சித்தப்பா மகன் இதை நம்பினான். மூன்று கார்டு, வேலை போய் இரண்டு மாதம். அதன் பிறகு ஐந்து மாதம் வங்கிக்கு எதுவும் கட்டவில்லை. ஆனால் அந்த நிறுவனத்துக்கு மாதச் சந்தா தவறாமல் போனது. அவனுடைய பில்களை விரித்துவைத்து உட்கார்ந்த அன்றுதான் இந்தப் பேச்சில் எவ்வளவு பொய் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

தனி ஆளிடம் வங்கி பேரம் பேசாது என்பது முதல் பொய். கடனைச் சமரசமாக முடித்துக்கொள்வது வங்கிக்குப் புதிதல்ல. இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கை ஒன்றை ஒவ்வொரு வங்கியும் இதற்காக வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8இல் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. இடைத்தரகருக்கென்று தனி வாசல் எதுவும் கிடையாது. நாம் எழுதக்கூடிய அதே முகவரிக்குத்தான் அவரும் எழுதுகிறார்.

இதில் ஓர் உண்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுகிற பிள்ளைக்கு எந்த அதிகாரமும் இல்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசிப்பார். அங்கே நாலு முறை பேசி ஓய்ந்தவர்கள்தான் தரகரிடம் போய் விழுகிறார்கள். போக வேண்டிய இடம் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரி, அதற்கு மேல் நோடல் அதிகாரி. எழுத்தில் போக வேண்டும். வருமானம் ஏன் குறைந்தது, இப்போது கையில் எவ்வளவு வருகிறது, எந்தத் தேதியிலிருந்து மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. கடனைக் குறைத்துக் கொடு என்று அவர் வங்கிக்கு உத்தரவிட மாட்டார். தவறான கட்டணம், பதில் தராமை, வசூல் அத்துமீறல் போன்றவற்றைத்தான் அவர் விசாரிப்பார்.

எதிர்த்திசையிலிருந்து வரும் இன்னொரு வாதம், ‘மினிமம் கட்டிக்கொண்டே இரு, ஒன்றும் ஆகாது’ என்பது. இதைச் சொல்வது தரகர் அல்ல, நம் வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவர்கள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலுவை 1,00,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 சதவீதம். அப்படியென்றால் வட்டி 3,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630, ஆக 4,130. குறைந்தபட்சத் தொகையாக 5,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 870 ரூபாய். கார்டில் புதிதாக ஒரு டீ கூட வாங்காமல் இரண்டு வருடம் மாதம் 5,000 கட்டினாலும், ஏறக்குறைய 65,000 ரூபாய் அப்படியே நிற்கும்.

அதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றினால் தவணை 4,992 ரூபாய். வட்டி மேல் ஜிஎஸ்டி மாதத்துக்குச் சராசரியாக 150 ரூபாய் கூடும். ஏறத்தாழ அதே பணம்தான், ஆனால் இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தைத் தருவது ஒரு கோரிக்கைக் கடிதம். அதைக் கேட்க நல்ல காலம், தவணை தவறுவதற்கு முன்பு. கெடு தேதியிலிருந்து 90 நாள் தாண்டி மினிமம் தொகைகூட வராவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு நடப்பது வேறு பேச்சு. ‘ஆறு மாதம் கட்டாமல் இரு, தானாக இறங்கி வருவார்கள்’ என்று தரகர் சொல்லும்போது, நல்ல நிபந்தனை கிடைக்கக்கூடிய அந்தக் காலத்தைத்தான் நம்மை வீணாக்கச் சொல்கிறார்.

அடுத்தது பயம். ‘போலீஸ் வரும், வீட்டு வாசலில் வந்து கத்துவார்கள், நாங்கள் தடுக்கிறோம்’ என்பார்கள். கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். கடன் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது வேறு. கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரும், கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு திரும்பினாலும் அதற்கு இணையான சட்டம் இருக்கிறது. ஆகவே முடியாத தேதிக்குக் காசோலை கொடுக்காதீர்கள். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் எழுதியே கொடுத்திருக்கிறது. இந்தப் பாதுகாப்புக்கு நாம் யாருக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை. அழைப்பு வந்த நேரத்தைக் குறித்துவைத்து, வங்கிக்கு எழுத வேண்டும்.

‘பாதியில் முடித்தால் எல்லாம் சுத்தமாகிவிடும்’ என்பது எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் வாசகம். முழுதாகக் கட்டினால் கடன் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வரும்; குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று வரும். அடுத்து வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு சொல் எதிரே வந்து நிற்கும். அதே வங்கி குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தரக் கூடாது என்பதும் 2023 சுற்றறிக்கையில் உள்ளது. வேலை போனவர், மருத்துவச் செலவில் நொடித்தவர், வேறு வழியே இல்லாதவர் குறைத்து முடித்துக்கொள்வதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதன் விலையை முதலிலேயே சொல்ல வேண்டும். வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகை, கடைசித் தேதி, ‘இதற்கு மேல் பாக்கி இல்லை’ என்ற வாசகம் எல்லாம் கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. பணம் கார்டு கணக்குக்குத்தான் போக வேண்டும், முகவரின் கைபேசி எண்ணுக்கு அல்ல. கட்டிய பிறகு நிலுவையின்மைச் சான்று வாங்கி, இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையைப் பார்க்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் அதை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும்.

ஆலோசனை மையம் என்றால் உபதேசம்தான் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று. இலவசக் கடன் ஆலோசனை மையங்களுக்கான மாதிரித் திட்டத்தை 2009இலேயே ரிசர்வ் வங்கி வகுத்தது. அந்த மையங்கள் வசூல் வேலை பார்க்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் ஆலோசனை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வெளியாள் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, நாம் ஒளித்துவைத்த செலவெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அந்த எண் இல்லாமல் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் மதிப்பில்லை.

சித்தப்பா மகனுக்கு நாங்கள் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஒரு வங்கி தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மிச்சத்தைத் தவணையாக்கியது. இன்னொன்று மூன்றாவது கடிதத்துக்குத்தான் இறங்கி வந்தது. கடைசி வங்கி இரண்டு முறை மறுத்தது. பிறகு மக்கள் நீதிமன்றத்திலிருந்து வந்த அழைப்பில் அவனே நேரில் போய்ப் பேசி முடித்தான். அங்கே ஒப்புக்கொள்ளும்படி யாரும் வற்புறுத்த முடியாது, ஒப்புக்கொண்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வக்கீல் வைக்கவில்லை. பேருந்துக் கட்டணம் மட்டும்தான் செலவு. ஐந்து மாதம் கட்டிய சந்தா மட்டும் திரும்ப வரவில்லை.