கண்டு சொன்ன ஊர்

இந்தியாவில் ஜே.என்.1 என்னும் கொரோனா திரிபு முதன்முதலாகத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கரகுளத்தில் எடுக்கப்பட்ட மாதிரியில், 2023 டிசம்பரில் கண்டறியப்பட்டது. அதனால் அத்திரிபு கேரளத்தில் தோன்றியது என்று கொள்வது தவறு. அதற்கு முன்பே அது பிற நாடுகளில் அறியப்பட்டிருந்தது.

கொரோனா வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்டது. வைரஸ் பெருகும்போது அவற்றுள் சில மாறிவிடுகின்றன. ஓலைச்சுவடிகளில் உள்ள படியெடுப்புப் பிழைகளை ஒப்பிட்டு, எச்சுவடி எதன் வழிவந்தது என்று பதிப்பாசிரியர் அறிவர். அதுபோல, இம்மாற்றங்களை ஒப்பிட்டு நோய் பரவிய வழியை அறிவியலாளர் உணர்கின்றனர். 2020 டிசம்பரில் அமைக்கப்பட்ட இன்சாகாக் என்னும் ஆய்வகக் கூட்டமைப்பு நம் நாட்டில் இப்பணியை மேற்கொண்டது.

தேடும் இடத்தில்தான் கிருமி அகப்படும். தேடாத இடத்தில் அது இல்லை என்று பொருளன்று. கண்டு சொன்ன ஊரைப் பழித்தால், நாளை வேறோர் ஊர் கண்டதையும் மறைக்கும். அம்மறைவில் நோய் பரவும். ஊர்களுக்குப் பழி நேராதிருக்கவும் எளிதில் சொல்லவும், உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் முதன்மையான திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டியது. ஆதலால், முதலில் கண்டறிந்த ஊர் நம் நன்றிக்கு உரியது என்பதே என் கருத்து.